மருமகள் அனுப்பிய ஸ்வெட்டர்

"மாமா அதப் போட்டாரா அத்தை?"

செல்போனில் தேவிப்ரியாவின் முகம் ஆவலோடு எட்டிப் பார்த்தது. ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் மாமனாருக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பிய மருமகள். அது கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்து ஒரு மாதமாகிறது.

"எங்க போட்டாரு?" தங்கமணிக்கு வாயெல்லாம் பல். "நான் பின்னிக் குடுத்ததத்தான் போட்டுக்கினு போறாரு. இன்னா பண்றது, அவருக்கு அதான் புடிக்குது."

அவள் புருஷன் வீரமுத்து கல்வராயன் மலைக்குப் பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வெள்ளிமலையிலேயே தங்கி, விடிந்ததும் முதல் டிரிப்பில் இறங்க வேண்டும். மார்கழியில் அங்கே பல் தந்தியடிக்கும். அதற்காகத்தான் பத்து வருடத்துக்கு முன்னால் தங்கமணி கடைத்தெருவில் நூல் வாங்கி ஒரு பச்சை ஸ்வெட்டர் பின்னினாள். அவள் பின்னிய முதலும் கடைசியுமான ஸ்வெட்டர். ஒரு கை மட்டும் சற்று நீளம். இருந்தாலும் புருஷன் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று வாசலில் நின்று பார்ப்பாள்.

"அது மெரினோ ஆட்டுக் கம்பளி அத்தை. கொஞ்சங்கூடக் குத்தாது."

"கம்பளின்னா குத்தத்தாம்மா செய்யும்."

"இல்லத்தை. சாதாரணக் கம்பளியில இழை தடியா இருக்கும். நுனி தோலக் குத்தும். இது தலைமுடியில கால்வாசிதான் இருக்கும். தோல்ல பட்டதும் வளைஞ்சு குடுத்துடும். வேர்வையக்கூட உறிஞ்சிக்கும்."

"அப்ப நான் பின்னுனது குத்துதுங்கிறியா? பத்து வருஷத்துல உங்க மாமா ஒரு நாள் சொன்னதில்ல!"

"சரிங்கத்தை" என்றாள் தேவிப்ரியா. குரல் கம்மியிருந்தது. அது தங்கமணியின் காதில் விழாமல் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

போனை வைத்ததும், போடாத ஸ்வெட்டரைப் பூச்சி அரிக்கப் போகிறதே என்று அந்துருண்டையோடு பீரோவைத் திறந்தாள். அட்டைப்பெட்டி இருந்தது. ஸ்வெட்டர் இல்லை.

"யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாரு மனுஷன்!"

செய்யக்கூடியவர்தான். போன வருடம் வீட்டுப் போர்வையை மலையில் எவருக்கோ போர்த்திவிட்டு வந்தவர். ஆனால் இது முதல் சம்பளத்து ஸ்வெட்டர் ஆயிற்றே. மருமகள் முகத்தில் எப்படி முழிப்பது?

மலை பஸ் வருகிற நேரம். நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினாள்.

வீரமுத்து பச்சை ஸ்வெட்டரோடுதான் இறங்கினார்.

"இன்னாங்க, அந்த வெளிநாட்டு ஸ்வெட்டர யாருக்குத் தானம் பண்ணீங்க? ஆசையா அனுப்புன புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் திருதிருவென்று முழித்தார். கண்டக்டர் இளவரசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காட்டிடுங்கண்ணே."

வீரமுத்து பச்சை ஸ்வெட்டரின் கையை மெல்லச் சுருட்டினார். உள்ளே, சாம்பல் நிறத்தில் மெரினோ.

தங்கமணிக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப என்னுது குத்துதா?"

"லேசா..."

"லேசாவா?" இளவரசன் விடவில்லை. "அண்ணி, இத்தினி வருஷமா அடிவாரத்துல கச்சிராயபாளையம் தாண்டுனதும் உங்க ஸ்வெட்டரக் கழட்டிடுவாரு. போட்டிருந்தா கழுத்து, கையெல்லாம் தடிச்சுப் போயிடும். மேல போயி ஒத்தத் துண்டப் போத்திக்கினு நடுங்குவாரு. காலையில எறங்கும்போது அதே எடத்துல மறுபடியும் மாட்டிக்குவாரு. 'வேற ஒண்ணு வாங்கிக்கண்ணே'ன்னா, 'அவ மனசு கஷ்டப்படும்டா'ன்னுவாரு. உள்ள இதப் போட்ட பிறகுதான், இந்த வருஷம் உங்க ஸ்வெட்டரு மலையையே பாத்திருக்கு!"

வீரமுத்து ஸ்டியரிங்கைத் துடைக்கிற சாக்கில் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார்.

தங்கமணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பத்து மார்கழி அந்த மனுஷன் நடுங்கியிருக்கிறார். நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள்.

"தேவிப்ரியா, உங்க மாமா தெனமும் நீ அனுப்புனதத்தாம்மா போட்டுக்கினு இருக்காரு. மேல இருக்கற என்னுது, சும்மா எனக்குக் காட்டறதுக்கு!"