மீனவர் நோட்டு

"ரூர்ட், சீக்கிரம் வாங்க! உங்க தியாலிங் பண்ற கூத்தைப் பாருங்க!"

நெதர்லாந்தின் லியூவர்டன் நகரத்துப் பழைய பண நோட்டுச் சந்தையில் மார்கா போட்ட சத்தத்துக்கு, பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மார்காவும் தியாலிங்கும் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

சந்தையை நடத்தும் ரூர்ட் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"தரம் பாத்து மார்க் போட்டு, சீல் வச்ச பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோலால வெட்டுறாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

ரூர்ட்டின் முகம் மாறியது. இந்தத் தொழிலில் உறையை எதற்காக வெட்டுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கிழிசலை ஒட்டிய நோட்டு என்றால் பரிசோதகர்கள் அதை உறையிலேயே எழுதிவிடுவார்கள். உறை போய்விட்டால் குட்டும் போச்சு. விவரம் தெரியாதவன் தலையில் கட்டிவிடலாம்.

"ஏன்யா வெட்டின?"

"என் காசு போட்டு வாங்கின நோட்டு. என் இஷ்டம்" என்றார் தியாலிங்.

"திமிரைப் பாருங்க! ஒரு பிஸ்கட்டை உடைச்சு ரெண்டு பேருக்குக் காபியோட கொடுக்கிற மனுஷன், சும்மாவா வெட்டுவாரு?" என்றாள் மார்கா.

"இதோ பாரு தியாலிங், ஏமாத்து வேலைன்னா இப்பவே மேசையை மடிச்சுக்கிட்டுக் கிளம்பு. இனிமே இந்தச் சந்தையில உனக்கு இடமே கிடையாது."

தியாலிங்குக்குப் பிழைப்பே இந்தச் சந்தைதான். ஆனாலும் பின்பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்.

ரூர்ட் குப்பைக்கூடையிலிருந்து உறையை எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஒட்டும் இல்ல, கிழிசலும் இல்ல. கைபடாத நோட்டு, எழுபதுக்கு அறுபத்தேழு மார்க்! யோவ், யூரோவுக்கு முந்தின காலத்து, மீனவர் படம் போட்ட கில்டர் நோட்டாச்சே! உறையோட ரெண்டாயிரம் யூரோ போகும். இப்ப பாதிகூடத் தேறாதே, பைத்தியமா உனக்கு?"

"உஷ்! மெதுவாப் பேசுங்க. விலை அவங்களுக்குத் தெரியாது" என்று தியாலிங் பதறிப்போய்ப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஒரு நாற்காலியில், வெள்ளைக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையில்லாத அம்மாள் ஒருவர் அந்த நோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த நோட்டுக்கு அச்சுத் தகடு செதுக்கினவரு, இறந்துபோன இவங்க அப்பா. காலையிலேர்ந்து மேசை மேசையா அலையிறாங்க. புது நோட்டுலதான் மை மேடா நிக்கும், நாலு கை மாறினா தேஞ்சிடும். மத்தவங்ககிட்ட இருக்கிறதெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சாம். தேயாதது என்கிட்ட இருந்த ஒண்ணுதான். அதுவும் பிளாஸ்டிக்குக்குள்ள."

மார்கா கிட்டே வந்தாள். "அப்பா செதுக்கின கோட்டைத் தடவிப் பாக்கவா ஆயிரம் யூரோவைக் குப்பையில போட்டீங்க?"

தியாலிங் குரலைத் தாழ்த்தினார்.

"மீனவருக்கு மாடல் கிடைக்காம, கண்ணாடியப் பாத்துத் தன் முகத்தையே செதுக்கியிருக்காரு மார்கா. பிறவியிலேர்ந்து பார்வையில்லாத பொண்ணுக்கு, அப்பா முகம் விரலுக்குத்தானே தெரியும்?"