ஒன்பதாம் தட்டு

“ஒன்பதாம் தட்டு யாருதுன்னு நான் சொல்லட்டுமா? நம்ம மல்சூனம்மாவோடதுதான். வேணும்னா எழுதி வச்சுக்கங்க!”

தலைவர் மான்சிக் மேசையில் ஓங்கித் தட்டினார். டொங்யோங் கடற்கரையில் சிப்பி வளர்ப்போர் சங்கத்துக்குப் பதினைந்து வருஷமாக அவர்தான் தலைவர். அவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் பார்லி டீயைக் குடித்து முடித்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்ச் சிப்பியை வாங்குவதற்கு முன், அதில் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று ஒரு சோதனை. முடிவுகளோடு சோதனைக்கூடத்திலிருந்து வந்திருந்தாள் ரான்ஹீ. தட்டுகளுக்கு எண் போட்டது சோதனைக்கூடத்தில்தான்; எந்த எண் யாருடையது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

“மத்த தட்டுல எல்லாம் ரெண்டு, மூணு துகள்தான். ஒன்பதுல மட்டும் முப்பத்தொண்ணு,” என்றாள்.

“பார்த்தீங்களா! இவங்க பண்ணையில இன்னமும் அந்தப் பழைய தெர்மாகோல் மிதவைதான். அது உதிர்ந்து உதிர்ந்து சிப்பி வயித்துக்குள்ள போகுது. அதைப் பிள்ளைங்க திங்கணுமா?”

“மிதவையைப் போன வருஷமே மாத்தியாச்சு தலைவரே,” என்றாள் மல்சூன். “கண்ணு மங்கிட்டா கண்ணாடி போட்டுக்கிட்டுப் படகுல ஏறுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவருக்குச் சுருக்கென்றது.

“சோதனையில தப்பு நடந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. கொட்டகையில சிப்பியை உடைச்சுத் தட்டுல வச்ச ரெண்டு மணி நேரமும், நானே மேல குனிஞ்சு நின்னு காவல் காத்தேன்!” குளிருக்கு மாட்டியிருந்த ரோஸ் நிறப் புசுபுசு சட்டையின் மேல் மார்பைத் தட்டிக்கொண்டார். “இப்பவே ஒரு தீர்மானம். ஒன்பதாம் தட்டுப் பிளாஸ்டிக்குக்கு யார் காரணமோ, அவங்க இந்தப் பனிக்காலம் முழுக்க உடைப்புக் கொட்டகையில கால் வைக்கக் கூடாது.”

“எது யாருதுன்னு சொல்லிடறேன், அப்புறம்...” என்று ஆரம்பித்தாள் ரான்ஹீ.

“அப்புறம்னா அழுவாங்க, கெஞ்சுவாங்க. முதல்ல கையெழுத்து!”

மல்சூனுக்குப் பனிக்காலச் சம்பாத்தியம்தான் வருஷச் சோறு. கொட்டகைக்குள் விடாவிட்டால் அவள் பாடு திண்டாட்டம். ஆனாலும் பேனாவை முதலில் வாங்கியது அவள்தான்.

“என் சிப்பி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

தலைவரையும் சேர்த்து எட்டுப் பண்ணைக்காரர்களும் போட்டார்கள். தலைவருடையது காகிதத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

“இப்ப சொல்லுங்க மேடம். ஒன்பது யாருது?”

“யாருதும் இல்லீங்க,” என்றாள் ரான்ஹீ. “இங்க பண்ணையே எட்டுதானே? ஒன்பதாவது வெறும் தட்டு. கொட்டகைக் காத்துல இருந்து என்ன விழுதுன்னு பார்க்க, மத்த எட்டையும் மூடி வச்சுட்டு, இதை மட்டும் சிப்பி வைக்காம சும்மா திறந்து வச்சிருந்தேன்.”

தலைவர் திருதிருவென்று விழித்தார். “வெறும் தட்டுல எப்படி முப்பத்தொண்ணு வரும்?”

“யாரோட உடுப்புல இருந்தோ உதிர்ந்திருக்கு. முப்பத்தொண்ணும் பாலியஸ்டர் இழை. எல்லாமே ரோஸ் நிறம்.”

ஏழு பேரும் ஒரே சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மல்சூன் தீர்மானக் காகிதத்தை மடித்துத் தலைவர் கையில் கொடுத்தாள். “பனிக்காலம் முழுக்க வீட்டுலயே இருங்க தலைவரே. சட்டை கதகதப்பாத்தான் இருக்கும்.”