தினம் ஒண்ணு போடுங்க

ஆபரேஷனில் மூத்திரப்பையை எடுத்துவிட்டு, மூத்திரம் சேர வயிற்றில் வெளிப்பை பொருத்தி அனுப்பிய காத்தான், பத்தே நாளில் குளிர்காய்ச்சலோடு சொந்த ஊரான குடவாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்திருந்தார். நர்ஸ் மங்களாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பையில கிருமி சேராம இருக்க மாத்திரை தினம் ஒண்ணு போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, போட்டீங்களா?"

"ஒரு நாள் தவறலம்மா. காலையில மொத வேலையே அதான்."

"பொய் சொல்லாதீங்க! போட்டிருந்தா கிருமி எப்படி ஏறும்?"

"சத்தியமா போட்டாருங்க," என்றாள் மனைவி அம்சம். "வயலுக்கு மருந்து போட்டே பழகின ஆளு, இதுலயா தப்பு பண்ணுவாரு?"

காத்தான் ரோஷத்தோடு சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் தொங்கிய பைக்குள், மூத்திரத்தில், அன்றைய மாத்திரை பாதி கரைந்து மிதந்துகொண்டிருந்தது.

மங்களாம்பிகைக்குத் தூக்கிவாரிப் போட்டது.