முப்பத்திரண்டு பிட் பொய்

ஒரு விரலின் விலை, அமைப்புக் கோப்பில் ஒரு வரி என்று காசிலிங்க அண்ணாச்சி பேரம் முடித்தபோது, சர்வரை மாற்றிய பிரிசில்லாவின் சுண்டுவிரல் அவர் சுத்தியலுக்கடியில் ஏற்கெனவே நசுங்கியிருந்தது. புது சர்வர் தன்னை அறுபத்துநான்கு பிட் என்று சொன்னதும், முப்பத்திரண்டு பிட்டை மட்டுமே அறிந்த, மீன் குளிர்கிடங்குக் கதவைத் திறக்கும் பழைய மென்பொருள் சர்வீஸ் படுத்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டது அண்ணாச்சியின் தம்பி.

"சர்வர முப்பத்திரண்டு பிட்டுன்னு சொல்ல வைக்கேன் அண்ணாச்சி."

"ஏளா, மெஷினையே பொய் சொல்ல வைப்பியோ? அடுத்த வெரலு போறதுக்குள்ள எழுது."

எழுதினாள். கதவு திறந்தது. சுத்தியலை மேசையில் போட்டுவிட்டு, "லேய், உசுரோட இருக்கியாலே?" என்று கத்திக்கொண்டு அண்ணாச்சி உள்ளே ஓடினார்.

பிரிசில்லா அந்த வரியை அழித்து, சர்வீஸை மறுபடி தொடங்கினாள். சர்வர் உண்மையைச் சொன்னது. சர்வீஸ் மறுபடி படுத்தது, கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.

ஒரு விரலுக்கு இரண்டு ஆள். மீதிச் சில்லறைக்கு அவள் எங்கே போவாள்?