இடது குதிகால்

“இன்னொரு தடவை குதிகால் வலிக்குதுன்னு சொன்னீங்கன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்” என்றாள் மனைவி.

டாக்டர் அறை வாசலில் காத்திருந்த டிரைவர் கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸை ஓட்டினால் தூங்குகிற குழந்தைகூட விழிக்காது என்று பெயரெடுத்தவர். இரண்டு வருடமாக அவர் பேச்செல்லாம் இடது குதிகால்தான். ஆணி அடித்தது மாதிரி இருக்கிறது என்பார், கொஞ்சம் தேய்த்துவிடு என்று கெஞ்சுவார். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருநாளும் அவள் தேய்த்துவிட்டதில்லை.

ஒருமுறை, மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அன்று முழுக்க டிரைவர் சாப்பிடவில்லை.

முன்பு பார்த்த டாக்டர்கள் எல்லாம் மனநல மருத்துவரைத்தான் கைகாட்டினார்கள். அவள் அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளைக்குப் புத்தி கலங்கிடுச்சும்மா. ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்.”

இந்த டாக்டரும் கைவிரித்துவிட்டால் அண்ணனிடம் சரி என்று சொல்லிவிடுவதாக இருந்தாள்.

உள்ளே டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு முழங்காலுக்குக் கீழே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் டிரைவர் துள்ளிவிட்டார்.

“எங்க வலிக்குது?”

“குதிகால்லதான் டாக்டர். அதே இடம்.”

ஸ்கேன் எடுத்ததில் நரம்பில் ஒரு கட்டி தெரிந்தது, பட்டாணி அளவுக்கு. வாசலில் பொத்தானை அமுக்கினால் வீட்டுக்குள் மணி அடிக்கிற மாதிரி, வலி கிளம்புவது இங்கே, தெரிவது குதிகாலில் என்று டாக்டரம்மா விளக்கினார். ஆபத்தான கட்டி இல்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்.

“அப்ப இவரு சொன்னதெல்லாம் நிஜமா?”

“வலி நிஜம்மா. அவரு புத்தி தெளிவாத்தான் இருக்கு.”

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே வாழ்கிற தானே நம்பவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் தைலப் புட்டியோடு அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “எங்கன்னு காட்டுங்க.”

டிரைவர் தயங்கித் தயங்கிக் காட்டினார்.

விபத்தில் நசுங்கியதால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்ட அந்தக் காலின் குதி இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில், அவள் இரண்டு கைகளாலும் மெல்லத் தேய்த்துவிடத் தொடங்கினாள்.