பெட்டிசக்காரன்

"அண்ணை, ஏரியலைக் கழட்டுங்கோ. றேடியோ இன்ஸ்பெக்டர் பரந்தன் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறார். உங்கட முரசுமோட்டைக்குத்தான் வழி கேட்டவர்."

சைக்கிளில் புடைவை விற்கும் நஜீம் இறங்காமலே இதைச் சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டான்.

அப்புத்துரை முற்றத்திலிருந்து வீட்டுக்குள் ஓடினார். லைசென்ஸ் இல்லாத றேடியோ அகப்பட்டால் பெட்டியைக் கொண்டுபோய்விடுவார்கள், தண்டம் வேறு. அந்தப் பெட்டிக்காக அவர் ஒரு போகம் முழுக்கச் சுருட்டை நிறுத்தியவர். மாற்றலாகிப் போன ஓவசியர் ஒருவரிடம் அரை விலைக்கு வாங்கியது. நிலையம் மாற்றும் திருகு கழன்ற இடத்தில் நூற்கட்டையைச் செருகினார். லொறிக்காரன் கழித்துவிட்ட பற்றறிக்கு அரிசி ஆலையில் சார்ஜ் ஏற்றினார். இரண்டு பனைக்கு நடுவே ஏரியலாகச் செப்புக் கம்பி இழுத்தார். குசினியில் நிற்கிற மனைவி இராசமலருக்கும் கேட்கவேண்டும் என்று இன்னொரு ஸ்பீக்கர் தேடிப் பிடித்து, அதை மண்பானைக்குள் இறக்கி அடுப்படியில் வைத்தார். பானைக்குள்ளிருந்து வருகிற பாட்டைப்போலக் கொழும்பிலும் கேட்க முடியாது என்று ஊர் சொன்னது.

எல்லாம் செய்தவர் லைசென்ஸ் மட்டும் எடுக்கவில்லை. காற்றில் வருகிற பாட்டுக்கு அரசாங்கத்துக்கு ஏன் காசு என்பது அவர் கட்சி.

"இது வீரகத்தியின்ர வேலை," என்றார். "அவன்தான் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டவன்."

பானைச் சத்தத்தில் தன் மாடு பால் சுரக்கவில்லை என்று பக்கத்துக் காணி வீரகத்தி இரண்டு கிழமையாக முணுமுணுத்துத் திரிந்தது உண்மை.

"அந்த அண்ணைக்குத் தன்ர பேரே எழுத வராது," என்றாள் இராசமலர்.

"ஆரையும் பிடிச்சு எழுதுவிச்சிருப்பான். நீர் கதையாமல் பெட்டியைத் தூக்கும்."

பெட்டி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போனது. பற்றறி மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் போனது. கம்பியை முழுதாக அவிழ்க்க நேரமில்லை. ஆளுயரத்துக்கு இறக்கிச் சாரமும் சேலையும் தொங்கவிட்டார்கள். எல்லாம் காய்ந்த உடுப்பு.

இன்ஸ்பெக்டர் சிற்றம்பலம் மெலிந்த மனிதர், வெயிலில் வியர்த்து நனைந்து வந்து சேர்ந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். மழையையும் நெல் விலையையும் விசாரித்தார். வீரகத்தி வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். அப்புத்துரைக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

பிறகுதான் இன்ஸ்பெக்டர், வீட்டில் றேடியோ இருக்கிறதா என்றார்.

"எங்களுக்கேன் ஐயா றேடியோ? வயலும் வாய்க்காலும் எண்டு திரியிற சனம்."

இன்ஸ்பெக்டர் முற்றத்தைப் பார்த்தார். "செப்புக் கம்பியிலயோ சாரம் காயப்போடுறனீங்கள்?"

இராசமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. இன்றைக்கே லைசென்ஸ் எடுத்தால் பெட்டியைத் தொடமாட்டேன், தண்டமும் இல்லை, இல்லையென்றால் வீட்டைச் சோதிக்க வேண்டிவரும் என்று பொறுமையாக விளக்கினார்.

அப்புத்துரைக்கு லைசென்ஸ் காசுகூட அவ்வளவு வலிக்கவில்லை. வீரகத்தி வென்றுவிட்டான் என்பதுதான் அரித்தது.

"எடுக்கிறன்," என்றார் கடைசியில். "ஆனா ஒண்டு. எழுதிக் காட்டிக் குடுத்தவன் ஆரெண்டு நீங்கள் எனக்குச் சொல்லவேணும்." வேலிப் பக்கமாகத் திரும்பி, அங்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "அந்த விசரன்ர முகத்தை இந்த ஊர் ஒருக்கால் பாக்கவேணும்."

"பெட்டிசம் ஒண்டும் வரேல்லை. வானொலி நிலையத்துக்கு வந்த ஒரு தபாலட்டையை எங்களுக்கு அனுப்பினவை, அவ்வளவுதான்," என்று இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

அழுத்தி எழுதிய உருண்டை எழுத்து. அப்புத்துரைக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து, அவருடையதேதான்: "எங்கள் வீட்டுப் புதிய றேடியோவில் கேட்டு மகிழ ஒரு நல்ல பாட்டுப் போடவும். விரும்பிக் கேட்பவர்கள்: முரசுமோட்டை அப்புத்துரை, இராசமலர் மற்றும் பிள்ளைகள்."