நாலு அங்குலம்

காலையில் குடித்த டீயோடு வேலைக்கு வந்த காண்ட்ராக்டர் ஞானாபரணத்துக்கு மதியம் வயிறு காந்தியது. துடியலூரில் அவர் புதுப்பித்துக் கொடுத்த வீட்டின் அடுப்பில் பிரியாணி வேறு மணத்தது.

"அண்ணா, இந்தச் சமையல் மேடையை நாலு அங்குலம் ஒசத்திக் குடுங்க. இடுப்பு ஒடிஞ்சுபோகுது" என்றாள் அந்த வீட்டுக்காரி நஸ்ரியா.

"ஏனுங்க அம்மணி, உங்களை நிக்க வெச்சு அளந்துதானுங்களே கட்டினேன்? இன்னும் ஒசத்துனா நீங்க முக்காலி போட்டு ஏறித்தான் கிண்டோணும்."

"நான் எங்கீங்க கிண்டறேன்?"

உள்ளறையிலிருந்து இடுப்பைப் பிடித்தபடி அவள் கணவன் ரியாஸ் வந்தான். ஆறடிக்கு மேல் இருந்தான். மேடை முன்னால் பாதியாக வளைந்து நின்று, தட்டில் பிரியாணியைப் போட்டான்.

"சமையல் பூரா அவருதானுங்க. எனக்குச் சுடுதண்ணி வெக்கத்தான் தெரியும்."

"அளக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே!"

"கேட்டீங்களா? டேப்பை எடுத்துட்டு நேரா எங்கிட்டத்தான் வந்தீங்க. ஏதோ உங்க தொழில் கணக்கு போலன்னு நானும் நின்னுபோட்டேன்."

ரியாஸ் சிரித்தான். "மொதல்ல சாப்புடுங்கண்ணா."

ஞானாபரணம் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். "அடுத்த வாரம் ஒசத்திப்போடறேனுங்க பாய்" என்று கை கழுவினார்.

அவர் வயிறு நிறைந்துவிட்டது. ரியாஸுக்குத் தர வேண்டிய நாலு அங்குலம்தான் இன்னும் பாக்கி.